அந்தக் கை யாருடையது என்று எழுதி வையுங்கள்

கிரேக்க, ரோமானியப் பளிங்குச் சிலைகளைக் காத்துவரும் அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றைச் செப்பனிடும் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

கிரேக்கச் சிலை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பளிங்கு அல்ல, பிளாஸ்டர். நான் ஓவியம் படித்த காலத்தில் வகுப்பின் ஒரு மூலையில் நாலைந்து வெள்ளைத் தலைகள் ஸ்டூல் மேல் இருக்கும். அவற்றை வைத்துத்தான் கரித்துண்டால் நிழல் போடக் கற்றுக்கொண்டோம். மூக்கோரம் நிழல் எங்கே கனக்கிறது, கன்னத்தில் எங்கே கரைகிறது என்று மணிக்கணக்கில் பார்த்திருக்கிறோமே தவிர, அந்த மூக்கு அசல்தானா, அப்புறம் யாராவது செய்து ஒட்டியதா என்று ஒருவரும் கேட்டதில்லை. பிறகு முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தேன். அப்போதும் எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

எழுந்தது ஓய்வு பெற்ற பிறகு. மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வட்டெறியும் வீரனின் முன்னால் நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைரான் என்ற கிரேக்கச் சிற்பி கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வெண்கலத்தில் வார்த்த சிலைக்கு ரோமானியர் பளிங்கில் எடுத்த பிரதி அது. முறுக்கிய கயிறு மாதிரி உடம்பு. கால் விரலிலிருந்து கோட்டை இழுத்துக்கொண்டு போனால் முழங்காலில் மடங்குகிறது, இடுப்பில் திரும்புகிறது, விலாவில் இறுகுகிறது, தோளில் ஏறி வட்டைப் பிடித்த கைக்குப் போகிறது. கழுத்துக்கு வந்ததும் கோடு அறுந்துவிட்டது. உடம்பு பின்பக்கம் திரும்புகிறது, தலையோ தரையைப் பார்க்கிறது. மூன்று தடவை அழித்து அழித்து வரைந்தேன். வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

கையில் கோளாறு இல்லை, கழுத்தில்தான் கோளாறு என்று வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. 1791இல் திவோலியில், பேரரசர் ஹாட்ரியனின் மாளிகை இடிபாடுகளில் கிடைத்த சிலை அது. செப்பனிட்டபோது தலையைத் தவறான பக்கம் திருப்பிப் பொருத்திவிட்டார்கள். சார்ல்ஸ் டவுன்லி என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் அதை 400 பவுனுக்கு வாங்கினார். அந்தத் தலை அந்த உடம்பினுடையதுதான் என்று அவர் நம்பினார். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1781இல், ரோமில் எஸ்குவிலின் குன்றில் அதே சிலையின் இன்னொரு பிரதி தலையோடு கிடைத்திருந்தது. அதில் வீரன் தன் கையில் உள்ள வட்டைத் திரும்பிப் பார்க்கிறான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் லூசியன் என்ற எழுத்தாளரும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்.

தலையைத் தப்பாக ஒட்டியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இரு நூற்றாண்டாக அந்தச் சிலை அப்படித்தான் நின்றிருக்கிறது. அது அப்படியே நிற்கட்டும். நான் கேட்பது வேறு. சிலையின் எந்தப் பகுதி பழைய கல், எந்தப் பகுதி எந்த நூற்றாண்டில் யார் சேர்த்தது, பிற்பாடு எது கழற்றப்பட்டது என்பதை, சிலைக்குப் பக்கத்திலேயே, கோட்டுப்படமாக வரைந்து வையுங்கள். அறிஞர்களுக்கான பட்டியல் நூல்களில் இப்படிப்பட்ட படங்கள் உண்டு. ஆனால் சிலை முன்னால் வந்து நிற்பவர்கள் அந்த நூல்களைப் புரட்டிவிட்டு வருவதில்லை. ஓர் அருங்காட்சியகத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு தேவதை சிலையின் இரண்டு கைகளும் மூக்கும் பாதி முழங்காலும் புதிது என்று கல்லின் நிறத்திலேயே தெரிந்தது. பலகையில் ‘சில பகுதிகள் சீரமைக்கப்பட்டவை’ என்று ஒரே வரி. எந்தப் பகுதிகள் என்று அங்கிருந்த காவலரிடம் கேட்டேன். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால் நான் லாவோகூனைத்தான் காட்டுவேன்.

1506 ஜனவரி 14. ரோமில் எஸ்குவிலின் குன்றின் மேல் ஒரு திராட்சைத் தோட்டத்தைத் தோண்டும்போது சிலை தட்டுப்பட்டது. போப் இரண்டாம் ஜூலியஸ், ஜூலியானோ தா சாங்கல்லோ என்ற கட்டடக் கலைஞரைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். அவரோடு மைக்கலாஞ்சலோவும் போனார். சாங்கல்லோவின் சிறு மகனும் கூட இருந்தான். குழிக்குள் இறங்கியதும் அப்பா, இது பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடும் லாவோகூன்தான் என்று சொன்னதை, அந்த மகன் அறுபது வருடம் கழித்து ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ரோட்ஸ் தீவைச் சேர்ந்த மூன்று சிற்பிகள் செய்த அந்தச் சிலை டைட்டஸ் மன்னனின் மாளிகையில் இருந்ததாகப் பிளினி எழுதியிருந்தார். ட்ராய் நகரத்துப் பூசாரி லாவோகூனையும் அவன் இரு மகன்களையும் பாம்புகள் சுற்றி இறுக்கும் காட்சி. மண்ணிலிருந்து வெளிவந்தபோது தந்தையின் வலது கை இல்லை.

இல்லாத கை எப்படி இருந்திருக்கும்? பின்னால், தலைப்பக்கம் மடங்கி இருந்திருக்கும் என்பது மைக்கலாஞ்சலோவின் எண்ணம் என்று சொல்வார்கள். ஆனால் 1532இல் மொன்டோர்சோலி என்ற சிற்பி வைத்த கை வானத்தை நோக்கி நீண்டிருந்தது. பிற்பாடு வேறு ஆட்கள் மாற்றிச் செய்தபோதும் நீட்டியே செய்தார்கள். நெப்போலியனின் படை 1798இல் பாரிசுக்குக் கொண்டுபோய், 1816இல் ரோமுக்குத் திரும்பிவந்த காலத்திலும் மக்கள் மனத்தில் இருந்தது நீண்ட கைதான். வார்ப்புகளிலும் அச்சுப்படங்களிலும் அதுதான் ஊர் ஊராகப் போனது. நான் மாணவனாகப் பார்த்து வரைந்த படத்திலும் அதுதான். அந்தக் கையில் லாவோகூன் ஒரு போர்வீரன் மாதிரி இருப்பான். பாம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, இன்னும் கொஞ்சம் முயன்றால் வென்றுவிடுவான் போல.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லுட்விக் பொல்லாக் என்பவர் ரோமில் ஒரு கட்டட வேலைக்காரரின் முற்றத்தில் பளிங்குக் கை ஒன்றைக் கண்டார். சிலை கிடைத்த இடத்துக்குப் பக்கத்து முற்றம். பொல்லாக் பிராக் நகரில் பிறந்த யூதர், தொல்பொருள் அறிஞர், பழங்கலைப் பொருள்களின் வியாபாரி, கல்லைத் தொட்டே காலத்தைச் சொல்லக்கூடிய கண்ணும் கையும் வாய்த்தவர். மடங்கிய கை அது. சதை திரண்டிருந்த விதத்தைப் பார்த்து, இது லாவோகூனுடையதாக இருக்கலாம் என்று உணர்ந்து வத்திக்கானுக்கே கொடுத்துவிட்டார். கை கிடங்குக்குப் போனது. சுமார் ஐம்பது வருடம் அங்கேயே கிடந்தது.

1943 அக்டோபர் 16 அன்று ஜெர்மன் படையினர் ரோம் நகரத்து யூதர்களை வீடு வீடாகப் பிடித்தார்கள். பொல்லாக்கையும் அவர் குடும்பத்தையும் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவர் கொடுத்த கை அப்போதும் கிடங்கில்தான் இருந்தது.

1957இல்தான் அந்தக் கை இந்தச் சிலையினுடையதே என்று வத்திக்கான் அருங்காட்சியகம் முடிவுக்கு வந்தது. தோளுக்கும் கைக்கும் நடுவில் கொஞ்சம் கல் தொலைந்துபோயிருந்தது. உடைந்த பரப்புகள் இரண்டும் நேராகச் சேரவில்லை. ஆனால் தோளில் துரப்பணத்தால் போட்ட துளை ஒன்று இருந்தது. கையிலும் ஒரு துளை இருந்தது. இரண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றன. மொன்டோர்சோலி மரபின் நீண்ட கை இறங்கியது. பழைய கை ஏறியது.

மடங்கிய கையோடு அவனை வரைந்து பாருங்கள். முழங்கை மேலே போய், கை தலைக்குப் பின்னால் இழுபட்டுவிடுகிறது. கோடு வெளியே ஓடுவதற்கு வழியே இல்லை. தோளிலிருந்து கிளம்பி முழங்கையில் திரும்பித் தலைமுடியில் வந்து முட்டுகிறது. அவன் இனி ஜெயிக்கப் போவதில்லை என்பது முகத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஒரு கை மாறியதில் கதையே மாறிவிட்டது. ஜெர்மன் கலை வரலாற்றறிஞர் விங்கல்மன் போன்ற பெரிய ஆட்கள் 18ஆம் நூற்றாண்டில் இந்தச் சிலையின் வேதனையைப் பற்றி எழுதியதெல்லாம் நீண்ட கை இருந்த காலத்தில். அந்த எழுத்தைப் புரிந்துகொள்ளவாவது நீண்ட கையும் நமக்கு வேண்டும்.

அதனால் இன்னொரு வேண்டுகோள். அறிஞர்கள் அந்தக் கையைப் ‘பொல்லாக் கை’ என்று குறிப்பிடுகிறார்கள். அந்தப் பெயரும், அவருக்கு நேர்ந்ததும், சிலையைப் பார்க்க வத்திக்கான் முற்றத்தில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் தெரிய வேண்டும். அதேபோல் 400 ஆண்டுகள் அந்தத் தோளில் நீண்ட கை இருந்தது என்பதும் தெரிய வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காதீர்கள்.

ஒட்டுவதில் ஒரு ஆபத்து என்றால் பெயர்ப்பதில் இன்னொன்று. ஈஜினா தீவில் அஃபாயியா கோயிலின் முகப்புச் சிலைகளை 1811இல் தோண்டி எடுத்தார்கள். பவேரியாவின் லுட்விக் இளவரசர் அவற்றை வாங்கினார். ரோமில் டென்மார்க்குச் சிற்பி தோர்வால்ட்சன் அவற்றுக்குத் தலையும் கையும் காலும் கேடயமும் செய்து முழுமைப்படுத்தினார். 1830இல் மியூனிக்கில் திறந்த கிளிப்டோதெக் அருங்காட்சியகத்துக்கு அவை போயின. அந்தக் காலத்தில் மூளியான சிலையை யாரும் பார்க்க விரும்பவில்லை. முழுசாக இருந்தால்தான் சிலை, முழுசாக இருந்தால்தான் விலை. பிறகு 1960களில் காற்று மாறியது. அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநர் டீட்டர் ஓலி, தோர்வால்ட்சன் வைத்ததை எல்லாம் கழற்றினார். இன்று மெல்லிய உலோகக் கம்பிகளின் தாங்கலில் உடைந்த உடல்கள் மட்டும் நிற்கின்றன.

ஓலி செய்ததன் நியாயம் எனக்குப் புரிகிறது. கிரேக்கச் சிற்பியின் உளி எங்கே நின்றதோ அங்கேயே நம் கண்ணும் நிற்கட்டும் என்று அவர் விரும்பினார். ஆனால் கழற்றிய பிறகு வெளியே வந்தது பழைய உடைப்பு அல்ல. புதுக் கல் பொருந்துவதற்காகப் பல இடங்களில் பழைய உடைப்பை 19ஆம் நூற்றாண்டிலேயே அறுத்துச் சமமாக்கி விட்டிருந்தார்கள். அதனால் அந்த வீரர்களின் தோளிலும் தொடையிலும் தெரிவது போரிலோ நிலநடுக்கத்திலோ பட்ட காயம் போல இருக்காது. ரம்பம் போன மாதிரி தட்டையாக இருக்கும். தோர்வால்ட்சனையும் இழந்தோம், அசல் உடைப்பையும் திரும்பப் பெறவில்லை. இத்தனைக்கும் தோர்வால்ட்சனுக்கு அரை நூற்றாண்டு முன்பே, ரோமின் பெயர்பெற்ற செப்பனிடுநர் கவாசெப்பி இதை எச்சரித்து எழுதிவிட்டார். பழைய கல்லை வெட்டிப் புதுக் கல்லுக்குப் பொருத்தாதே; உடைப்பின் மேடுபள்ளத்துக்கு ஏற்றாற்போல் புதுக் கல்லைச் செதுக்கு என்பது அவர் சொன்ன வழி. அவர் காலத்துக் கடைக்காரர்களே அதைக் கேட்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் லான்ஸ்டவுன் ஹெராக்ளிஸ் சிலைக்கும் இதே கதைதான். 18ஆம் நூற்றாண்டின் ஒட்டுகளை 1970களில் எடுத்தார்கள். 1990களில் திரும்ப வைத்தார்கள். எடுத்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் கிடங்குகளில் சீட்டு ஒட்டாமல் கிடக்கும் ஒவ்வொரு மூக்கையும் விரலையும் அந்தக் கண்ணோடு பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, வெள்ளை. இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. என் தலைமுறை ஓவியர்கள் எல்லாரும் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி வளர்ந்தவர்கள். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயிலின் பென்டலிக் பளிங்கில் இரும்பு கலந்திருப்பதால் காலப்போக்கில் அது தேன் நிறத்துக்கு வரும். பிரிட்டிஷ் தூதர் எல்கின் பிரபு அந்தச் சிற்பங்களைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோன காலத்தில், அவற்றைச் செப்பனிட்டுத் தரும்படி இத்தாலியச் சிற்பி கனோவாவைக் கேட்டார். இவற்றின் மேல் உளி வைப்பது பாவம் என்று கனோவா மறுத்துவிட்டார். ஐரோப்பாவிலேயே பேர்போன சிற்பி அவர். மறுக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. ஆனால் 1937, 38இல், கலைப்பொருள் வியாபாரி டுவீன் பிரபுவின் பணத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவற்றுக்குப் புதுக் கூடம் எழும்பியபோது, அவர் விருப்பத்துக்கேற்ப வெள்ளையாக்குவதற்காக வேலையாட்கள் செப்புக் கருவிகளாலும் கார்பொரண்டம் என்ற சாணைக்கல்லாலும் அதே சிற்பங்களைச் சுரண்டினார்கள். நிலாத் தெய்வம் செலீனியின் குதிரைத் தலை, சூரியத் தெய்வம் ஹீலியோஸ், தேவர்களின் தூதி ஐரிஸ் எல்லாம் அதில் அடிபட்டன. பல மாதம் நடந்த பிறகுதான் அது வெளியே தெரிந்து நின்றது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை விசாரித்தது. 1999இல் அதைப் பற்றிப் பொது மாநாடே நடத்தியது. மறைக்காமல் பேச முன்வந்ததை நான் மதிக்கிறேன்.

அந்தக் குதிரைத் தலையை நான் வரைந்திருக்கிறேன். இரவெல்லாம் நிலாவின் தேரை இழுத்துக் களைத்து, வாய் திறந்து, தாடை கட்டடத்தின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி அமைந்த தலை. நாசித் துவாரத்தைச் சுற்றிய தோல் சுருக்கத்தில் நிழல் உயிரோடு இருக்கிறது. பென்சில் அங்கே தானாக மெதுவாகிவிடும். சுரண்டியதில் போனது இப்படிப்பட்ட தோல்தான். கல்லுக்கு மேல்தோல் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. சிற்பியின் கடைசி நாள் வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இதற்கு அப்புறமும் ஒரு நல்ல செய்தி வந்தது. 2009இல் அதே ஐரிஸின் இடைக்கச்சையில் எகிப்திய நீலம் என்ற பழைய நிறமியின் துகள்கள் இருப்பதை பிரிட்டிஷ் அருங்காட்சியக விஞ்ஞானிகள் கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அதன் மேல் சாதாரண ஒளி பட்டால் அது அகச்சிவப்பில் ஒளிரும். கேமராவில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். இத்தனை மழை, வெயில், கடல் பயணம், கார்பொரண்டம் எல்லாம் தாண்டி அந்த நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சிலைகள் வண்ணம் பூசியவை என்பதை 2003இல் மியூனிக்கில் பிரிங்க்மன் என்ற தொல்பொருள் அறிஞரின் குழுவினர் வண்ணப் பிரதிகளாகவே செய்து காட்டினார்கள். ஈஜினாவின் அம்பெய்யும் வீரனுடைய காற்சட்டையில் வைரக்கட்டங்கள் வரிசை வரிசையாக மினுங்குகின்றன. அதைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு நாற்பது வருடமாக யாரோ பூட்டி வைத்திருந்த அறையைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

பழைய கல்லில் யாரும் வண்ணம் பூச வேண்டாம். ஆனால் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே வண்ணப் பிரதி ஒன்று நிற்கட்டும். கண்காட்சி முடிந்ததும் அதைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். வரைய வரும் பிள்ளைகள் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும்.

இரும்பு ஆணிகளைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பழைய கிரேக்கர்கள் இரும்புப் பிணைப்பைச் சுற்றி ஈயம் ஊற்றினார்கள். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பார்த்தினானைக் கட்டி நிறுத்திய பொறியாளர் பலானோஸ் ஈயத்தை விட்டுவிட்டார்; இரும்பு துருவேறி வீங்கிக் கல்லைப் பிளந்தது. 1975இல் அமைந்த ஏதென்ஸ் குழுவினர் அதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். நல்ல மனசோடு செய்த வேலையே கல்லை உடைக்கும் என்பதால்தான், செய்ததைத் திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய்யுங்கள் என்று நீங்களே உங்களுக்குள் விதி வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் செய்ததில் என் மனசுக்கு நிறைந்த இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில், எரெக்தியோன் கோயிலைத் தலையில் தாங்கிய பெண்களின் சிலைகளை 2011 முதல் லேசர் ஒளியால் சுத்தம் செய்தார்கள். கிரீட் தீவு விஞ்ஞானிகள் உருவாக்கிய கருவி. அகச்சிவப்பும் புறஊதாவும் சேர்ந்து புகைக்கரியை மட்டும் எடுத்து, கீழே உள்ள பொன்னிறத் தோலை விட்டுவிடும். அதைக் கூடத்திலேயே, வருகிறவர்கள் கண்முன்னால் செய்தார்கள். பின்னால் போய்ப் பார்த்தால் தடித்த பின்னல்களின் ஒவ்வொரு புரியும் தனித்தனியாகத் தெரிகிறது. அங்கே ஐவர் இருக்கிறார்கள். ஆறாமவள் லண்டனில் இருக்கிறாள். அவளுக்கான இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று வத்திக்கானின் பெல்வெடேர் அப்பல்லோ. 2019இல் கால்களில் விரிசல் கண்டு மூடிய சிலையை, பின்னால் கார்பன் இழைத் தண்டு ஒன்றால் தாங்கி 2024இல் திறந்தார்கள். இடது கையாக வைத்தது, நேப்பிள்ஸ் அருகே பாயாவில் கிடைத்த ரோமானியக் காலத்துப் பிளாஸ்டர் கை ஒன்றின் வார்ப்பை. அந்தக் காலத்துப் பிரதி எடுக்கும் பட்டறை ஒன்று மூல வெண்கலச் சிலையிலிருந்தே எடுத்த அச்சு அது. எங்கிருந்து எடுத்தோம், ஏன் வைத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நான் கேட்பது இதைத்தான்.

இனி ஒட்டும்போதும் கழற்றும்போதும் அந்த லாவோகூன் துளையை நினைத்துக்கொள்ளுங்கள். கல் தொலைந்த பிறகும் கையைத் தோளோடு சேர்த்தது அதுதான். நானூறு வருடத்தில் எத்தனையோ பேர் அந்தத் தோளில் வேலை செய்தார்கள். யாராவது ஒருவர் அழகுக்காகச் சாந்து வைத்து அதை ஒழித்திருந்தால் பொல்லாக் கொடுத்த கை இன்றும் கிடங்கில் கிடக்கும். சின்னத் துளையானாலும் அளவெடுத்து, படமெடுத்து, எந்தத் தேதியில் யார் பார்த்தது என்று எழுதி வையுங்கள்.

வரும் கோடையில் மறுபடி லண்டன் வருகிறேன். வட்டெறிபவன் முன்னால் உட்கார்ந்து அந்தக் கழுத்தைத் திரும்ப வரைவேன். இந்தத் தடவை அழிக்க மாட்டேன். ஒட்டுக்கோட்டையும் சேர்த்தே வரைவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் ஓவிய ஆசிரியர்